போர் நினைவிடங்களில் நீங்கள் சந்தித்த குடும்பங்கள்: அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

தில்லி தேசியப் போர் நினைவுச் சின்னம், வீரர்களின் பெயர் பொறித்த கற்கள் இருக்கும் தியாகச் சக்கரம். பலர் போயிருப்பீர்கள். சாயங்காலம் ஒரு வீரரின் குடும்பத்தார் மலர்வளையம் வைப்பார்கள் அல்லவா, அதற்கு இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு ஓர் அம்மா கிட்ட வந்தார். "தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. இது எம்புள்ள பேருதானா, பாத்துச் சொல்லுப்பா." சரியான கல்லில்தான் விரலை வைத்திருந்தார். படித்தேன். "இன்னொருக்கா சொல்லு." மூன்று தடவை படித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் விரல் பொன் எழுத்துகளின் மேல் நகர்ந்து, நான் முடிக்கும்போது கடைசி எழுத்தில் வந்து நின்றது.

இப்போது அந்தப் பெயர் எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பதில் 1

வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவுச் சுவர். கறுப்புக் கல்லில் 58,000-க்கும் மேல் பெயர்கள். அகரவரிசை கிடையாது, இறந்த நாள் வரிசை. ஒரே நாளில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். ஒரு பெரியவர் பெயரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கிக் காகிதம் வழுக்கியது. மூலையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளையாக எழுத்து எழும்பி வந்ததும் நன்றிகூடச் சொல்லாமல், அதற்குப் பக்கத்துப் பெயரையும் தேய்த்தார். அது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால் பெயர் போதும், சிலையெல்லாம் வேண்டாம்.

பதில் 2

சிலை வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ ஜெர்மன் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். ஜெர்மன் பெண் ஓவியர், சிற்பி கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போரில் இறந்தான். கேத்தே உருவாக்கிய தாய், தகப்பன் சிலைகள் 1932-இல்தான் மகன் முதலில் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்துக்கு வந்தன, பிறகுதான் விளாட்ஸ்லோவுக்கு மாற்றினார்கள். அத்தனை வருடம் பிடித்திருக்கிறது அந்தத் தாய்க்கு. இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள், தனித்தனிப் பீடத்தில். தகப்பன் தன்னைத்தானே கட்டிப் பிடித்திருக்கிறார், தாய் குனிந்துவிட்டாள். முன்னால் தரையில் பதித்த கல்லில் மற்றவர்களோடு மகன் பெயரும் உண்டு. என் அப்பா அங்கே போய் நின்றதும், சொல்லிவைத்த மாதிரி, இரண்டு கைகளையும் அதே போலக் கட்டிக்கொண்டார். என் அண்ணன் போனபிறகு அவர் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பெயரை மட்டும் பொறித்திருந்தால், விட்டுப்போனவர்களுக்கு அங்கே இடம் எது?

பதில் 3

டிராஸ், கார்கில் நினைவகம். ஒரு சின்னப் பெண் வரிசையாக ஒவ்வொரு கல்லின் மேலும் வாயால் ஊதித் தூசி தள்ளிக்கொண்டே போனாள். யாரும் தடுக்கவில்லை. அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். குடும்பத்தார் பெயரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது பின்னால் நின்று படம் எடுக்காதீர்கள், அனுமதி கேட்டும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்களால் மறுக்க முடியாது. "எப்படி இறந்தார்" என்று கேட்காதீர்கள், "எப்படி இருப்பார்" என்று கேளுங்கள், பேசுவார்கள். உலகப் போர்களில் இறந்த தாத்தா, கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் கல்லறையோ சுவர்ப் பகுதியோ எண்ணோடு கிடைக்கும். பிரான்ஸில் நவ் ஷாப்பல் நினைவிடத்தில் மட்டும் கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். வயதானவர்களை வெயிலில் சுவர் சுவராக அலையவிடாதீர்கள்.

முதல் பதிவர்

அறிவுரைக்கு நன்றி. எண்ணைக் குறிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. நுழைந்ததும் இடதுபக்கம், அந்த அம்மாவின் தோள் உயரம். அடுத்த மாதம் தில்லி போகிறேன். அந்த உயரத்தில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்க்கப் போகிறேன்.