கேரமில் கடைசிக் காயின் வந்தாலே கை நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

பாம்பன் வடகடல்:
மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் தெருவில் கேரம் ஓயாது. சும்மா ஆடும்போது ரெட்டும், அது நமக்குச் சேர உடனே அடுத்துப் போட வேண்டிய நம் காயினான ஃபாலோவும் எனக்குக் கைப்பழக்கம். போன ஞாயிறு அரையிறுதி. எனக்கு ஒரே ஒரு வெள்ளை பாக்கி, அதுவும் பாக்கெட் வாயில் நின்றது. ரெட்டைப் போட்டுவிட்டேன். ஃபாலோவைச் சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும். பின்னாலிருந்து மச்சான், "போட்ரு, போட்ரு" என்றார். விரல் நடுங்கியது. ஓங்கி அடித்துவிட்டேன். காயினோடு ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய்விட்டது. ஃபைன் (தண்டம்). ரெட்டும் காயினும் மறுபடி நடுவுக்கு வந்தன, எதிராளி ரெட்டையும் எடுத்து முடித்துவிட்டார். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. நடுக்கடலில் காற்று திரும்பியபோதுகூட என் கை இப்படி ஆடியதில்லை.

தங்கச்சிமடம் பழைய ஆட்டக்காரர்:
தம்பி, படபடப்பு வந்தால் கை தானாக வலுவைக் கூட்டிவிடும். தூரத்துக் காயினை அதோடும் போட்டுவிடலாம், வாயில் நிற்பதுதான் கெடும். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காயின் சுமார் 5 கிராம்தான். நேராக அடித்தால் ஸ்ட்ரைக்கர் நிற்காது, பின்னாலேயே போகும். ஓரத்தில் மெல்லத் தொடுங்கள். விதிப்படி ஒரு அடிக்கு 15 விநாடி உண்டு. நீங்கள் மூன்றுகூட எடுத்திருக்க மாட்டீர்கள். ஸ்ட்ரைக்கரை வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, விட்டு முடித்த இடத்தில் சுண்டுங்கள். அப்புறம், கச்சான் என்னும் மேற்குக் காற்றில் பவுடர் ஈரம் பிடித்துப் போர்டு இழுக்கும். ஆட்டத்துக்கு முன் நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை, இப்போது துபாய்:
நான் இங்கே பூல் ஆடுகிறேன், கோலால் பந்தைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டம். கடைசி 8-ஆம் நம்பர் பந்தில் எனக்கும் இதே கதைதான். நின்றபடியே பந்து போக வேண்டிய கோட்டைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுத்தான் குனிவேன். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் நிமிர்ந்துவிடுவேன், கோல் நுனியில் சாக்கட்டி தேய்ப்பதிலிருந்து மறுபடி தொடங்குவேன். சும்மா ஆடும்போதும் இதே வரிசைதான். அங்கே பழகாதது போட்டியில் வராது.

பாம்பன் வடகடல்:
நன்றி துபாய் காக்கா (அண்ணன்), நன்றி தங்கச்சிமடம் அண்ணன். நேற்று ராத்திரி மச்சானையே பின்னால் நிற்க வைத்து, கத்தச் சொல்லி, அதே ஃபாலோவை 50 தடவை அடித்தேன். ஸ்ட்ரைக்கர் ஆறு தடவை விழுந்தது, கடைசி இருபதில் ஒன்றுகூட இல்லை. ஒரு சந்தேகம் அண்ணன், சுண்டும்போது கண் எதன் மேல் இருக்க வேண்டும்?

தங்கச்சிமடம் பழைய ஆட்டக்காரர்:
காயின் மேல், அடிபட வேண்டிய அந்த ஓரத்தில். ஸ்ட்ரைக்கரைப் பார்த்தால் விரல் இழுத்துவிடும் தம்பி.