கீமோவுக்குப் பிறகு இரண்டரை வயது மகன் நடக்க மறுக்கிறான்

கேள்வி (தென்காசி அம்மா):
மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். முதல் கட்டக் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஓடித் திரிந்த பிள்ளை நிற்பதற்கே அழுகிறான், தவழ்கிறான். பேச்சும் குறைந்து, வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறான். "உயிர் பிழைத்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும்" என்கிறார் மாமியார். அப்படியே விடலாமா?

பதில் (பால்வாடி டீச்சர், ஓய்வு):
விடாதீர்கள் அம்மா. என் பேரனுக்கும் இதே நோய்தான். கீமோவில் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து நரம்பைப் பாதிக்கும். பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியாமல் விரல் தரையில் இடறும். ஸ்டீராய்டு தொடைத் தசையைத் தளர்த்திவிடும். இது அடம் இல்லை. அடுத்த தேதிவரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

எங்கள் டாக்டர் சரி என்ற பிறகு, பேரனைக் குட்டி முக்காலியில் உட்காரவைத்து, எழுந்தால் மட்டும் எட்டும் உயரத்தில் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டினேன். பறிப்பான், உட்கார்வான், மறுபடி எழுவான். பயிற்சி என்று சொல்லியிருந்தால் வீடே இரண்டாகியிருக்கும்.

கிருமி பயத்தில் பொம்மைகளை எல்லாம் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். எதற்கு? எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் கொதிநீரில் கழுவிக் கொடுங்கள். அடுக்கட்டும், தட்டட்டும்.

பேச்சுக்கு, "இது என்ன, அது என்ன" என்று பரீட்சை வைக்காதீர்கள். "இட்லியா, தோசையா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். (பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.) கழுவக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பொம்மையும், ஊசியில்லாத புதுச் சிரிஞ்சும், கொஞ்சம் பிளாஸ்திரியும் கொடுத்துப் பாருங்கள். வார்டில் வாயே திறக்காத என் பேரன், பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு "ஆட்டாதே, ஆட்டாதே!" என்று நர்ஸ் குரலில் அதட்டினான்.

தென்காசி அம்மா:
ஸ்டீராய்டு நாட்களில் நடு இரவில் சோறு கேட்டுக் கத்துகிறான், கடிக்கிறான். அப்போதும் இதையெல்லாம் செய்யவா?

பதில் (ஒரு மதுரை அப்பா):
வேண்டாம். அந்த நாட்களில் மாத்திரைதான் பேசும். சோற்றைக் கொடுத்து, தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருக்கும்போது படியேற்றமும் கூடாது. விழுந்தால் ரத்தம் கட்டும்.

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
பயிற்சிக்கென்று ஒவ்வொரு முறையும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசு மையம்) பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இரண்டும் இலவசம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துச் செல்லுங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைவாக இருந்தால் முன்கூட்டியே போனில் சொல்லி, கூட்டமில்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.