மறு: வெல்டிங் மெஷின் கையேடு – ‘டியூட்டி சைக்கிள்’ தமிழில்

வணக்கம் அண்ணா,

> ‘பணிச்சுழற்சி’ ஏற்கெனவே புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

கையேட்டில் போட்டுப் பார்த்தேன், இடிக்கிறது. மெஷினின் தகட்டில் ‘எக்ஸ்’ என்ற எழுத்துக்கு நேராக 60% என்றும், அதற்குக் கீழே 200 ஆம்பியர் என்றும் இருக்கும். 10 நிமிடத்தில் 6 நிமிடம் 200 ஆம்பியரில் பற்றவைக்கலாம், மீதி 4 நிமிடம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். சுற்றுவெப்பம் 40 பாகை செல்சியஸ் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இங்கே நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த 60-க்கு, சுழற்சிக்கு அல்ல. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் தங்கள் சொல்லில் சுழற்சியைக் கொண்டுவரவே இல்லை.

> அப்படியானால் ‘இயங்குநேர விகிதம்’?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில்தான் பயம். ஆறுகிற அந்த 4 நிமிடமும் மெஷின் இயங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உள்ளே கம்பிச்சுருளும் (காயில்) டயோடும் கொதித்துப் போயிருக்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ளுவது மின்விசிறி. ‘இயங்குநேரம் முடிந்தது’ என்று படிப்பவர் சுவிட்சை அணைத்துவிடுவார். விசிறியும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கிவிடும். சொல்லே ஆளைத் தவறான வேலை செய்ய வைக்கக் கூடாது.

அதனால் என் பரிந்துரை: சுமைநேர விழுக்காடு. வெல்டிங் ராடு முனையில் மின்வில் (ஆர்க்) எரியும்வரை மெஷினுக்குச் சுமை. ராடைத் தூக்கி வில் அணைந்தால் சுமை இல்லை, ஆனால் மெஷின் ஓடுகிறது. இந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. போன வாரம் நாம் ஒத்துக்கொண்ட ‘சுமையில்லா மின்னழுத்தம்’ (வில் எரியாதபோது இருக்கும் மின்னழுத்தம்) என்பதோடும் சேர்ந்துபோகும். இரண்டும் ஒரே தகட்டில் வருபவை.

மின்னோட்டத்தைக் குறைத்தால் சுமைநேரம் கூடும் என்ற பத்தியிலும் சொல் சரளமாக உட்காருகிறது: “200 ஆம்பியரில் சுமைநேரம் 60%, சுமார் 155 ஆம்பியரில் 100%.” சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் வரும் கணக்கு. 3.15 மி.மீ. ராடுக்குப் பொதுவாக 100 முதல் 130 ஆம்பியர் போதும் என்பதால், இந்த மெஷினில் அந்த வேலைக்கு வரம்பு குறுக்கே வராது. 4 மி.மீ. ராடைப் போட்டு ஆம்பியரை ஏற்றும்போதுதான் கவனம் தேவை. அப்போதும் கசடு தட்டுவது, ராடு மாற்றுவது எல்லாம் ஆறும் நேரத்தில்தான் சேரும். இதைக் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம். பலர் கடிகாரம் பார்த்து உட்கார வேண்டுமோ என்று நினைக்கிறார்கள்.

> மின்னணுவியலிலும் இதே சொல்தானே? அங்கே சுமை எங்கே வந்தது?

உண்மை. விட்டுவிட்டு வரும் மின்துடிப்புகளில், அதாவது துடிப்பலையில், ‘சுமைநேரம்’ பொருந்தாது. அங்கே ‘துடிப்புநேர விழுக்காடு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றில் அடைக்க வேண்டியதில்லை. மோட்டார், கிரேன் பக்கம் ‘சுமைநேரம்’ சரியாகவே இருக்கும்.

விகிதமா விழுக்காடா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தகட்டில் % குறி இருப்பதால் விழுக்காடு என்றேன். பட்டறையில் எப்படியும் ‘டியூட்டி’ என்றுதான் சொல்வார்கள்; முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே டியூட்டி சைக்கிள் என்றும் எழுதிவிடுவோம்.

எச்சரிக்கைப் பகுதிக்கு எழுதிய வரி இது, பார்த்துச் சொல்லுங்கள்:

“சுமைநேரம் தாண்டிச் சூடு ஏறினால் மஞ்சள் விளக்கு எரியும், வில் பிடிக்காது. மெஷினை அணைக்காதீர்கள். விசிறி ஓடட்டும். விளக்கு அணைந்த பின் வேலையைத் தொடருங்கள்.”