இளையராஜாவின் இசை ஆல்பம் ‘ஹவ் டு நேம் இட்?’ உங்கள் கைக்கு எப்படி வந்தது?

பென்சில் ரீவைண்ட்:
பிடித்த ஆல்பம் எதுவென்று எல்லோரும் சொல்கிறோம். அதை நம் காதில் போட்டவர் யாரென்று சொல்வதில்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

1993, திருச்சியில் கல்லூரி விடுதி. ‘ரோஜா’ கேசட்டைத் தேயத் தேய ஓட்டிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து அறை அண்ணன் ஒரு கேசட்டை நீட்டினார். “ராஜா போட்டதுதான். ஆனா பாட்டு இருக்காது. திட்டாமக் கேளு.”

ஒரு பக்கம் முடிந்ததும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன். “ரீரெக்கார்டிங் மாதிரியே இருக்குண்ணே. படம் எங்க?”

அவர் சிரிக்கவில்லை. கேசட்டை ஓட்டி ஓட்டி நிறுத்தி, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ வரும் இடத்தைப் பிடித்தார். “இப்ப ஓடுறது ஜெர்மன்காரர் பாக் 1720ல எழுதுன வயலின். கொஞ்சம் பொறு, நம்மூர் வயலின் உள்ள வரும். ரெண்டும் சண்டை போடுதா, பேசிக்குதான்னு மட்டும் பாரு.”

பாக்கின் ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. நம்மூர் வயலின் எதிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. சண்டை இல்லை. அடுத்த துண்டின் பெயரே ‘அண்ட் வி ஹேட் எ டாக்’, அதாவது ‘பேசிக்கொண்டோம்’ என்று பிறகுதான் பார்த்தேன். 1986இல் வந்த ஆல்பம், தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம், வயலின் வி.எஸ். நரசிம்மன், இதெல்லாம் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

நானும் பலருக்குக் கொடுத்தேன். “முழுசாக் கேளுங்க” என்று கொடுத்த கேசட் எதுவும் கேட்கப்படவில்லை, திரும்பியும் வரவில்லை. இப்போதெல்லாம் அந்த ஒரு துண்டை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுவதோடு சரி.

மொட்டைமாடி:
எனக்கு ஆள் யாரும் கொடுக்கவில்லை, ‘வீடு’ படம் கொடுத்தது. பாலு மகேந்திராவின் 1988 படம். கட்டி முடியாத வீட்டுக்குள் சொக்கலிங்க பாகவதர் நடந்து பார்க்கிற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மறுநாளே கேசட் பதிவுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாட்டே இல்லாத படத்துக்கு எதம்மா பதிவு பண்றது?” நியாயமான கேள்விதான்! அந்த இசை படத்துக்கு முன்பே வந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்துத் தோழி வீட்டுக் கூடத்தில் அதே வயலின். காபியைக் கீழே வைத்துவிட்டு, “ஏய், இது வீடுடீ!” என்று கத்தினேன். அவளுடைய மாமியார் பயந்துபோனார்.

சேலத்து மாம்பழம்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். புதிதாகக் கேட்பவருக்கு இது முதல் ஆல்பம் இல்லை. 1988இல் வந்த ராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’தான். அப்பா கர்நாடக சங்கீதம் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடாதவர். ‘ஹவ் டு நேம் இட்?’ போட்டபோது பத்தே நிமிடம். “வயலின் சுத்தமா இருக்கு. சுத்தி ஏன் இவ்ளோ கூட்டம்?” என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் ஒன்றும் சொல்லாமல் ‘நத்திங் பட் விண்ட்’டில் வரும் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலைப் போட்டுவிட்டு நான் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது டேப் நின்றிருந்தது. திறந்து பார்த்தால் கேசட் மறுபக்கம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. வீட்டில் அப்பாவைத் தவிர யாருமில்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பென்சில் ரீவைண்ட்:
சேலத்துக்காரரே, கேட்டீர்களா அப்பாவிடம்?

சேலத்து மாம்பழம்:
கேட்கவில்லை. கேட்டிருந்தால் “கரண்ட் போயிடுச்சு” என்றிருப்பார்.