காடு மேடு சுற்றிய தாத்தாவை எழுதி வைப்பது: அனுபவப் பகிர்வு

மலை ஏறி, மீன் பிடித்து, பறவை பார்த்து வாழ்ந்து மறைந்த தாத்தாவை எப்படி எழுதி வைப்பது என்ற கேள்விக்குச் சிலர் எழுதிய பதில்கள் இவை. ஒவ்வொன்றின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்.

மலைப்பாதை

இப்படிப்பட்ட தாத்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "இயற்கையை நேசித்தார், பேரப்பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார்" என்றுதான் முதலில் வரும். எந்தத் தாத்தாவுக்கும் பொருந்துகிற வரி. அவருக்கு மட்டுமே பொருந்துவது அவருடைய நடைக் குறிப்பேட்டில் இருக்கும். கிளம்பிய நேரமும் போய்ச் சேர்ந்த நேரமும் எழுதியிருந்தால் அதுவே போதும்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 6 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 42 நிமிடம். வழக்கமாக அதை ஒட்டியே நடந்தவர், ஒரு நாள் மட்டும் மூன்றரை மணி நேரம் எழுதியிருக்கிறாரா? தேதியைப் பாருங்கள். பள்ளி விடுமுறை என்றால் கூடவே ஒரு பொடிசு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு நேரங்களையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால் பாசத்துக்கென்று தனிப் பத்தி வேண்டாம்.

ஆனால் அது நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. மழை, முழங்கால் வலி, பறவைக்காக நின்ற நேரம் எதுவும் அதில் சேராது. ஒரே நாளை வைத்து முடிவு கட்டாமல், அதே பாதையின் நாலைந்து பதிவுகளை ஒப்பிட்ட பிறகு எழுதுங்கள்.

துருப்பிடித்த கத்தி

பொருள்களைப் பற்றி ஒன்று. எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். தேய்மானத்தில்தான் ஆள் இருக்கிறார்: கைத்தடியில் பிடி வழுவழுப்பான இடம், காலணியின் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது. பெரிய தடிக்குப் பக்கத்திலேயே குட்டையாக அறுத்த தடி ஒன்று கிடந்தால் இரண்டையும் அளந்து எழுதுங்கள்.

கார்பன் எஃகுக் கத்தியின் சாம்பல் நிறப் படலம் துரு அல்ல, அது இரும்பைக் காக்கும். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் எடுங்கள். சாணைக்குக் கொடுத்தால் அவர் தீட்டிய கோணம் போய்விடும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

அவருடைய மலையேற்றக் காலணியைப் போட்டுக்கொண்டு அவர் பாதையில் நடக்க ஆசை வரும். பாலியூரிதேன் (ஒருவகை பிளாஸ்டிக்) அடிப்பாகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே இற்றுவிடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், நடுவழியில் பொலபொலவென்று உதிரும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; மாவாக வந்தால் அது அலமாரிக்குத்தான். திசைகாட்டியும் அப்படித்தான்: பல வருடம் காந்தம், ஒலிபெருக்கி பக்கத்தில் கிடந்திருந்தால் முள் துருவம் மாறித் தெற்கை வடக்கென்று காட்டக்கூடும்.

படச்சுருள்

பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த அமில ஆவி மற்றச் சுருள்களையும் கெடுக்கும். உடனே பிரித்து வையுங்கள், ஸ்கேன் செய்வதிலும் அதற்கே முதலிடம். 35 மி.மீ. ஸ்லைடை ஸ்கேன் செய்யக் குறைந்தது 2400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற நுணுக்கம்). தூசியை ரப்பர் ஊதுகுழலால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் புள்ளி விழும். படத்தின் பின்புறம் பேர் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் பள்ளம் போடும். குறிப்பேட்டை லாமினேட் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

பறவைப் பட்டியல்

மலைப்பாதை சொன்ன குறிப்பேட்டில் பறவைப் பேர்கள் இருந்தால் அவற்றை வீட்டோடு முடக்க வேண்டாம். பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையதளம் பழைய பதிவுகளையும் ஏற்கிறது. தேதியும் இடமும் தெரிந்தாக வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது தெரியாவிட்டால் "வரலாற்றுப் பதிவு" வகையில் சேர்க்கலாம். சந்தேகமான பறவையை ஊகித்து நிரப்பாதீர்கள். அவர் கேள்விக்குறி போட்டிருந்தால் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும்.

தூண்டில்

அவருடைய கூட்டாளிகளிடம் "தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு நின்றுவிடும். தூண்டில் ரீலைக் கையில் கொடுத்து "இதில் ஏன் இப்படி முடிச்சுப் போட்டார்?" என்று கேளுங்கள். கை தானாகச் செய்து காட்டும், பேச்சும் தொடரும். ஒலிப்பதிவோடு கைகளையும் வீடியோ எடுங்கள், முடிச்சு காதில் கேட்காது.

நாற்று

நினைவாக மரம் நடுபவர்களுக்கு: குழி வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டியின் அளவே. தண்டு விரிந்து வேராகும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் சில வருடம் நன்றாக இருந்துவிட்டு மரம் நலியும். தொட்டியில் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை வெட்டிவிடுங்கள். அஸ்தியைக் குழியில் மொத்தமாகக் கொட்டாதீர்கள்: உப்பும் காரத்தன்மையும் அதிகம், இளவேர் கருகும். தாங்குகம்பைத் தளர்வாகக் கட்டி ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கயிறு பட்டைக்குள் இறங்கிவிடும்.