சியோலில் லூகேனிஸ் சொல்லியிருக்க வேண்டுமா?

கடலோடி:
1988 சியோல் ஒலிம்பிக். 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு (துள்ளுபலகையிலிருந்து குளத்தில் குதிக்கும் போட்டி) தகுதிச் சுற்றில் அமெரிக்க டைவிங் வீரர் கிரெக் லூகேனிஸின் தலை பலகையில் மோதியது. ரத்தத்தோடு கரையேறியவருக்கு அமெரிக்க அணி மருத்துவர் கையுறை இல்லாமலே தையல் போட்டார். எச்ஐவி இருப்பது லூகேனிஸுக்கு ஆறு மாதம் முன்பே தெரியும். ஊருக்குச் சொன்னது 1995-இல். டைவிங்கில் அவரைப் போல இன்னொருவர் இல்லை என்பவன் நான். ஆனாலும் அந்த மருத்துவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

செம்பருத்தி:
அந்தக் காலத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ரத்தம் உறையாமை நோய்க்கு எடுத்த மருந்தால் எச்ஐவி தொற்றிய ரயன் வைட் என்ற சிறுவனை, 1985-இல் இந்தியானாவில் பள்ளிக்குள்ளேயே விடவில்லை. லூகேனிஸுக்கு அந்தப் பையன் நண்பன். நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எப்படி வாயைத் திறப்பார்? மருத்துவருக்கும் தொற்றவில்லை. குளோரின் கலந்த அவ்வளவு பெரிய குளத்தில் பரவவும் வழியில்லை.

கடலோடி:
குளத்தை விடுங்கள், அந்தப் பயம் எனக்கு இல்லை. தொற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது. தையல் போடும்போது விரலில் ஊசி குத்தியிருந்தால்? பயிற்சியாளர் ரான் ஓ'பிரையனுக்கு விஷயம் தெரியும். இன்னும் ஒருவரிடம் சொல்வதில் என்ன?

வார்டு நர்ஸ்:
யார் ரத்தமானாலும் கையுறை போட்டே தொட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-லேயே சொல்லிவிட்டது. நோயாளி சொல்வார் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. தொற்று இருப்பதே தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. தலை பிளந்து, அடுத்த குதிப்புக்கு அரை மணி நேரமே இருக்கிற மனிதர் மேல் முழுப் பொறுப்பையும் போடுவது சரியில்லை.

மேடைப்பித்தன்:
அவர் கல்லூரியில் நாடகம் படித்தவர். 1993-இல் நியூயார்க் மேடையில் எய்ட்ஸால் இறக்கும் நடனக் கலைஞராக நடித்தார். பார்த்தவர்களுக்கு அவருடைய நிலை தெரியாது. அடுத்த வருடம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார், அதற்கடுத்த வருடம் எச்ஐவி பற்றி. உண்மையை நோக்கி அவர் படிப்படியாக நடந்ததாகவே எனக்குப் படுகிறது.

கடலோடி:
அந்த நடை எனக்கும் பெரிய விஷயம்தான். அதன் பிறகு மற்றவர்களுக்காகப் பேசிப் பேசியே எத்தனை பேருக்குத் தைரியம் கொடுத்தார்! ஆனால் மேடையில் காட்டிய துணிவு, 1988-இல் ஊசி பிடித்திருந்தவருக்கு எந்த வகையில் உதவியது?

செம்பருத்தி:
துணிவுக்குக் கிடைத்த கூலியையும் பாருங்கள். 1984-இல் இரண்டு தங்கம், 1988-இல் தலையில் தையலோடு மறுபடி இரண்டு. அமெரிக்காவில் சாம்பியன்களின் படத்தை அச்சிடும் வீட்டீஸ் என்ற காலை உணவுப் பெட்டியில் அவர் முகம் வந்தது 2016-இல், அதுவும் மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்திய பிறகு.

வார்டு நர்ஸ்:
கடலோடி, ஒன்று கேட்கிறேன். அன்று சொல்லியிருந்தால், அந்த மருத்துவரால் விஷயத்தை அணி நிர்வாகத்திடம் சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? லூகேனிஸ் மறுபடி பலகை ஏறியிருப்பாரா?