டூசான் ஷோல ரஃப் கல்லு விக்கிறது எப்படிங்க?

கேள்வி: பிப்ரவரில அமெரிக்கா டூசான் ரத்தினக்கல் ஷோவுக்கு காங்கேயம் மூன்ஸ்டோன் (சந்திரகாந்தக் கல்) ரஃப் கொண்டு போறேங்க, பாலிஷ் போடாததுதான், கிலோ கணக்குல விக்கலாமா இல்ல கிராமுக்கா? மொத தடவை, பயமாவே இருக்கு.

பதில்: ரெண்டா பிரிச்சிடுங்கண்ணா. நீல ஷீன், அதாவது உள்ள நீலமா மினுங்குற ஒளி, ஓடுற கல்ல தனியா எடுத்து கிராமுக்கு போடுங்க, மீதிய அலங்காரத்துக்கு வாங்குறவங்களுக்கு கிலோ ரேட்ல குடுங்க. ஒரே குவியலா கொட்டுனா நல்லத பொறுக்கிட்டு போயிடுவாங்க, கழிவுதான் மிஞ்சும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

இன்னொருத்தர்: தண்ணி ஸ்ப்ரேயும் டார்ச்சும் கட்டாயம், நனைச்சு காட்டுனாதான் கலர் தெரியும். விரிசல் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, மூன்ஸ்டோன் ரெண்டு திசைல சுலபமா பிளக்கும், வாங்குனவர் அறுக்கும்போது உடைஞ்சா அடுத்த வருசம் உங்க டேபிள் பக்கமே வரமாட்டார்.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, இன்னைக்கே பிரிக்க உக்காந்துடறேன்.